சாரல் காலத்துப் பாசி, கோடைக்காலத்து வெள்ளைப் புள்ளி

வணக்கம். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகத் தினமும் புனலூர் போய்வரும் உங்கள் காரில், ஜன்னல் ரப்பரில் பச்சைப் பாசியும் கண்ணாடியில் தேய்த்தாலும் போகாத வெள்ளைப் புள்ளிகளும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இரண்டும் வெவ்வேறு பருவத்தின் வேலை.

புள்ளிகள் கோடையில் வந்தவை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் கண்ணாடியில் உப்பு படிந்துவிடும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நிழலில், கண்ணாடியில் மட்டும் ஒற்றி, சில நிமிடம் விட்டுக் கழுவுங்கள்.

என் கவலை பாசியைப் பற்றித்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில், மழை; இந்தப் பக்கம், செங்கோட்டையில், சாரல். கார் முழுதாகக் காய்வதே இல்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் கார் ஷாம்பு தொட்டு ரப்பர் இடுக்குகளைத் தேயுங்கள். அப்படியே கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு வடிகால் துளைகளையும் பாருங்கள். அவை அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று துருப்பிடிக்கும். என் பழைய காரில் ஒரு கதவு அப்படித்தான் போனது. வெளியே பெயின்ட் கொப்புளித்தபோது உள்ளே தகடு ஓட்டையாகியிருந்தது. இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மெழுகுப் பூச்சை மே கடைசியில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் போடுங்கள். தண்ணீர் முத்துமுத்தாகத் திரளாமல் பரவினால் மெழுகு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

இன்று மாலையே கால்மிதி விரிப்புகளைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் இருந்தால், மழை விட்ட ஒரு மதியம் நான்கு கதவுகளையும் திறந்துவைத்துக் காயவிடுங்கள்.