பத்துப் பேர் கூடினால் கோட்நேம்ஸ் விளையாடுங்கள்

சொந்தக்காரர்கள் கூடும்போது பெரியவர், சின்னவர் எல்லோரும் அணி பிரிந்து ஆட நல்ல சொல் விளையாட்டு எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் கோட்நேம்ஸ். செக் நாட்டைச் சேர்ந்த விளாடா ஹ்வாட்டில் வடிவமைத்து 2015-இல் வந்தது. மறு வருடமே ஜெர்மனியின் ஷ்பீல் டெஸ் யாரெஸ் (ஆண்டின் சிறந்த விளையாட்டு) விருதை வாங்கியது.

மேசையில் ஐந்துக்கு ஐந்தாக 25 சொற்களைப் பரப்ப வேண்டும். எந்தச் சொல் எந்த அணியுடையது என்பது இரண்டு அணிகளின் தலைவர்களுக்கு மட்டும் தெரியும். முதலில் ஆடும் அணிக்கு 9, அடுத்த அணிக்கு 8, யாருக்கும் சேராதவை 7. மிச்சமுள்ள ஒன்று கொலையாளி. அதைத் தொட்டால் அப்போதே தோல்வி. தன் அணி அதன் சொற்களைக் கண்டுபிடிக்க, தலைவர் தன் முறை வரும்போது ஒரு குறிப்புச் சொல்லும், அது மேசையில் எத்தனை சொற்களுக்குப் பொருந்தும் என்ற எண்ணும் மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் முகம்கூடச் சுளிக்கக் கூடாது.

உப்பு, சங்கு, கப்பல் மூன்றும் உங்களுடையவை என்று வையுங்கள். "கடல், மூன்று" என்று வாய் துறுதுறுக்கும். ஆனால் 'அலை' கொலையாளியாக இருந்தால்? அங்கே "தூத்துக்குடி, மூன்று" என்று சொல்பவர்தான் ஆட்டக்காரர். உப்பளம் யாருக்கும் நினைவு வரும். வ.உ.சி.யின் கப்பலைத் தாத்தா சட்டென்று பிடிப்பார். சங்கு குளிப்பதைப் பற்றிக் கேள்விப்படாத பேரன் அணியில் இருந்தால் அந்தக் குறிப்பு பாதிதான் வேலை செய்யும். கேட்பவருக்கு என்ன தெரியும் என்று யோசித்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். எனக்கு இந்த விளையாட்டின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான். சித்தப்பா மனசில் எந்தச் சொல் எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை வேறு எங்கே போய்த் தெரிந்துகொள்வது?

வீட்டில் ஆட ஆங்கிலப் பெட்டி வேண்டாம். துண்டுச் சீட்டுகளில் தமிழ்ச் சொற்களை எழுதுங்கள். பல பொருள் உள்ள மாலை, படி, ஆறு போன்றவை நிறைய இருக்கட்டும். தலைவர்களுக்கு ஒரு தாளில் 25 கட்டம் போட்டு ஸ்கெட்ச் பேனாவால் நிறம் தீட்டினால் சரி. அதே தாளை நாலு பக்கமும் திருப்பி நாலு ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து தெரியாத குழந்தைகள் இருந்தால் படங்களை வைத்து ஆடும் பதிப்பும் கிடைக்கிறது. இரண்டே பேர் என்றால் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடும் டூயட் பதிப்பு. ஆனால் நீங்கள் கேட்ட கூட்டத்துக்கு மூலப் பதிப்புதான் பொருத்தம். முதல் ஆட்டத்தில் நேரம் அளக்கும் மணல் கடிகாரம் வேண்டாம், பெரியவர்கள் நிதானமாக யோசிக்கட்டும்.