அடைத்த பிறகும் ஐசியூ எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. மூளை ரத்தக்குழாயில் இருந்த வீக்கம் வெடித்து ரத்தக்கசிவு. காயில் (coil) என்ற மெல்லிய கம்பிச் சுருளை வைத்து அடைத்துவிட்டார்கள். ஆறாம் நாளான இன்று இட்லி கேட்டுச் சாப்பிடுகிறார். ஆனாலும் வார்டுக்கு மாற்ற மறுக்கிறார்கள். ராத்திரி 2 மணிக்கும் எழுப்பி மாத்திரை தருகிறார்கள். அழற்சி என்கிறார்களே, ஸ்டீராய்டு போட்டால் சரியாகாதா?

பதில்: பில்லை ஏற்றத்தான் வைத்திருக்கிறார்களோ என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த நோயில் அப்படி நினைக்காதீர்கள். ஓட்டையை அடைத்தாயிற்று, சிந்திய ரத்தம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

மூளையின் அடிப்பக்கத்து ரத்தக்குழாய்களைச் சுற்றி அது உறைந்து கிடக்கிறது. சில நாட்களில் சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வரும். குழாயைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது உறிஞ்சிவிடும். குப்பையை அள்ள வரும் வெள்ளை அணுக்கள் சுரக்கும் ரசாயனங்களால் குழாய்ச் சுவரும் வீங்கும். குழாய் சுருங்கும், மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். இந்தச் சுருக்கம் மூன்றாம், நான்காம் நாளில் தொடங்கி, 7 முதல் 10 நாட்களில் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல வடியும். அம்மா இப்போது நிற்பது ஏறுமுகத்தில்.

சுருக்கத்தை மட்டும் சரிசெய்தால் போதும் என்றுதான் முன்பு நினைத்தோம். கிளாசோசென்டான் என்ற மருந்து குழாயை நன்றாகவே விரித்தது. ஆனால் பெரிய ஆய்வுகளில் நோயாளிகள் அதனால் கூடுதலாகத் தேறவில்லை. நிமோடிபின் என்ற மாத்திரை இதற்கு நேர்மாறு. ஆஞ்சியோவில் பெரிய மாற்றம் தெரியாது, ஆனால் பலன் உண்டு. 1989இல் பிரிட்டனில் 554 பேரிடம் நடந்த ஆய்வில், மூளைத் திசு ரத்தமின்றிச் சாவது 33 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தது. ராத்திரி எழுப்பித் தருவது அதுதான்: 60 மி.கி., நாலு மணிக்கொரு தடவை, 21 நாள். தூங்கட்டும் என்று ஒரு வேளையைக்கூட விடாதீர்கள். பிரஷர் இறங்கினால் டாக்டரே 30 மி.கி. வீதம் இரண்டு மணிக்கொரு தடவையாகப் பிரித்துத் தருவார்.

ஸ்டீராய்டு கேட்கத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் தெளிவான பலன் நிரூபணமாகவில்லை. சர்க்கரை ஏறும், தொற்றும் வரலாம்.

பார்க்கப் போகும்போது இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பாருங்கள். ஒன்று மெல்லத் தாழ்ந்தாலோ, நேற்றுச் சரளமாகப் பேசியவர் இன்று வார்த்தையைத் தேடினாலோ, காரணமில்லாமல் தூங்கி வழிந்தாலோ, அசதி என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பிரஷரை ஏற்றியோ, தேவைப்பட்டால் ரத்தக்குழாய் வழியே மருந்தோ பலூனோ செலுத்தியோ ரத்த ஓட்டத்தை மீட்க முடியும். வார்டில் இருந்தால் அந்த மாற்றம் காலை ரவுண்ட்ஸ் வரை யார் கண்ணிலும் படாமல் போகலாம்.