தாமதமான ஆர்டர்கள் எத்தனை நாள் தேங்கி நிற்கின்றன என்று எக்செலில் எப்படிக் கணக்கிடுவது?

ஆர்டர் ஹோல்டுக்குப் போன தேதி (அதாவது அனுப்பாமல் நிறுத்திவைத்த தேதி), அதிலிருந்து வெளிவந்த தேதி இரண்டும் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சராசரி எடுத்தால் 3 நாள்தான் வருகிறது, ஆனால் வாடிக்கையாளர்கள் வாரக்கணக்கில் காத்திருப்பதாகச் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாடிக்கையாளர்களை நம்புங்கள். இன்னும் வெளிவராத ஆர்டர்களுக்கு வெளிவந்த தேதி காலியாக இருக்கும். அந்த வரிகளை வடிகட்டிவிட்டுத்தான் பெரும்பாலும் எல்லோரும் சராசரி போடுகிறார்கள். உள்ளதிலேயே மோசமாகச் சிக்கியவை அப்படியே கணக்கிலிருந்து கழன்றுவிடும். ஐந்து ஆர்டர் இருக்கிறது என்று வையுங்கள். மூன்று முறையே 2, 3, 4 நாளில் வெளிவந்துவிட்டன; சராசரி 3. மீதி இரண்டு 20 நாளாகவும் 31 நாளாகவும் உள்ளேயே கிடக்கின்றன. அவற்றையும் சேர்த்தால் சராசரி 12. அந்த 20, 31 கூட இன்றைய நிலவரம்தான், நாளைக்கு இன்னும் ஏறும்.

இதைச் சரிசெய்ய ஓரமாக ஒரு செல்லில் ரிப்போர்ட் எடுத்த தேதியை டைப் செய்து வையுங்கள். வெளிவந்த தேதி காலியாக இருந்தால் அந்தச் செல்லை எடு, இல்லாவிட்டால் வெளிவந்த தேதியையே எடு என்று இஃப் போட்டு, அதிலிருந்து ஹோல்டுக்குப் போன தேதியைக் கழியுங்கள். ஃபார்முலா இழுக்கும்போது ரிப்போர்ட் தேதி நகராமல் இருக்க அந்தச் செல் முகவரியில் டாலர் குறி வேண்டும். அன்றன்றைய தேதியைத் தானாகக் காட்டும் டுடே ஃபங்ஷனை அங்கே போடாதீர்கள். அடுத்த வாரம் அதே ஃபைலைத் திறந்தால் வெளிவராத ஆர்டர்களின் எண்ணெல்லாம் மாறியிருக்கும், முன்பு அனுப்பிய கணக்கோடு ஒத்துப்போகாது.

சராசரியோடு மீடியனையும், அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதையும், காட்டுங்கள். மேலே சொன்ன ஐந்து ஆர்டருக்கு மீடியன் 4. 4-க்கும் 12-க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே, சில ஆர்டர்கள் மட்டும் எங்கேயோ நன்றாக மாட்டியிருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

அப்புறம், தாமதம் வேறு, தேக்கம் வேறு. ஒரு ஆர்டர் 2025 மார்ச் 6-ல் ஹோல்டுக்குப் போய் மார்ச் 14-ல் வெளிவந்தது, டெலிவரிக்கு வாக்குக் கொடுத்த நாள் மார்ச் 10 என்றால், தேங்கியது 8 நாள். வாக்கு தவறியது அன்றுவரை 4 நாள். இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் வையுங்கள். வேலை நாள் மட்டும் வேண்டுமென்றால் நெட்வொர்க்டேஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்து எண்ணும் என்பதால், சனி, ஞாயிறு போக இந்த ஆர்டருக்கு 7 என்று காட்டும். கழித்தல் கணக்கோடு ஒப்பிட 1 குறைத்து 6 என்று கொள்ளுங்கள். விடுமுறைப் பட்டியலையும் அதிலேயே கொடுக்கலாம்.

கழித்தால் பிழை வந்தால் தேதி டெக்ஸ்டாக வந்திருக்கிறது. எக்செல் தேதியை ஒரு எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது, அதனால் செல்லில் இருப்பது எண்தானா என்று சொல்லும் இஸ்நம்பர் ஃபங்ஷனைப் போட்டுப் பார்த்தால் உடனே தெரியும். பிழை வராத தேதியையும் அப்படியே நம்ப வேண்டாம். நாளும் மாதமும் இடம் மாறினால் 03/04 சத்தமில்லாமல் தவறான தேதியாகிவிடும், 25/04 மட்டும் டெக்ஸ்டாக நின்று காட்டிக்கொடுக்கும்.

ஒரே ஆர்டர் இரண்டு மூன்று முறை ஹோல்டுக்குப் போய்வந்திருந்தால், முதல் தேதியையும் கடைசித் தேதியையும் கழிக்காதீர்கள், நடுவில் ஹோல்டில் இல்லாத நாட்களும் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி என்று வைத்து, ஒரே ஆர்டர் எண் உள்ள வரிகளை மட்டும் கூட்டும் சம்இஃப் போட்டால் மொத்தத் தேக்கம் கிடைக்கும். காரணம் எழுதிய நெடுவரிசை இருந்தால் வரிகளை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் அதையும் இழுத்துப் போட்டுப் பாருங்கள். பணம் வராமல் நிற்பதற்கும் சரக்கு இல்லாமல் நிற்பதற்கும் ஆள் வேறு, யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.