'ராதர்' என்றால் 'டு' ஏன் வராது என்று கேட்கும் பெண்ணை எங்கே சேர்ப்பது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கு சுமார், ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல். கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்கில் சேர்க்காவிட்டால் பிள்ளையின் எதிர்காலமே போச்சு என்று சென்னைப் பெரியப்பா சொல்லிவிட்டார். கட்-ஆஃப் பத்தாது, ஆகவே மேனேஜ்மென்ட் கோட்டா. அதற்காக நெல்லிக்குப்பம் பக்கத்து நிலத்தை அடகு வைக்க அப்பா பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். "தூக்கமே வரவில்லை, ஒரு வழி சொல்லுங்க சார்" என்கிறார் அம்மா.

பயப்படாதீர்கள் அம்மா, பிள்ளைக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆறுதல் அவ்வளவுதான். நிலத்தை அடகு வைக்கக் கூடாது. அந்த சீட்டும் வேண்டாம். காரணம் உங்கள் மகளின் நோட்டிலேயே இருக்கிறது.

அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆங்கில வினைச்சொற்களை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதியிருக்கிறாள். வான்ட், ஹோப், டிசைட் ஆகியவை ஒரு பக்கம், இவற்றுக்குப் பின் 'டு கோ' வரும். லெட், மேக் நடுவில், இவற்றுக்கு வெறும் 'கோ' போதும். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் கடைசிப் பத்தியில், இவை 'கோயிங்' கேட்கும். தமிழில் போக விரும்பு, போக விடு, போகச் சொல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'போக' இருக்கும்போது ஆங்கிலம் மட்டும் ஏன் மூன்றாகப் பிரிகிறது என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்து சிவப்பு மையில் ஒரு கேள்வி. 'தே மேட் ஹிம் கோ' என்கிறோம், அதையே செயப்பாட்டுவினையாக மாற்றினால் 'ஹி வாஸ் மேட் டு கோ' என்று ஒரு 'டு' வந்து உட்கார்ந்துவிடுகிறதே, எங்கிருந்து வந்தது?

இன்னொரு பக்கத்தில் ஒப்பீடு. 'ஐ வுட் ராதர் வாக் தேன் வெயிட்', அதாவது காத்திருப்பதைவிட நடந்தே போய்விடுவேன். 'ஷி நோஸ் பெட்டர் தேன் டு ஆர்க்யூ', அதாவது வாதாடக் கூடாது என்ற விவரம் அவளுக்கு உண்டு. இரண்டிலும் 'தேன்' இருக்கிறது, ஒன்றில்தான் 'டு' வருகிறது. வகுப்பில் கேட்டாளாம், மனப்பாடம் செய்துகொள் என்று பதில் வந்ததாம். மனப்பாடம் தேவையே இல்லை. முதல் வாக்கியத்தில் வாக், வெயிட் இரண்டுமே 'வுட்' என்ற துணைவினையின் கீழ் நிற்கின்றன, அதனால் 'டு' வராது. இரண்டாவதில் உள்ள 'நோஸ்' துணைவினை இல்லை, அதனால் அங்கே 'டு' வேண்டியிருக்கிறது. நான் பாதி சொல்லும்போதே மீதியை அவள் சொல்லிவிட்டாள். 'அப்போ ஹேட் பெட்டர்?' என்று அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. பார்த்தால் 'ஹேட்' இறந்தகாலம், 'பெட்டர்' ஒப்பீடு. ஆனால் பேசுவது இனி செய்ய வேண்டியதைப் பற்றி. 'கையெழுத்துப் போட்டால் நல்லது' என்று நினைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் 'யூ ஹேட் பெட்டர் சைன்' என்றால், போடாவிட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டுவதாக அவர் காதில் விழும். அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நீங்களும் பார்த்தீர்கள்.

இந்தக் கேள்விகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது, மொழியியல். பி.எட்., வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. மொழியியலை யாரும் சொல்லமாட்டார்கள். இத்தனைக்கும் அது உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் நாடறிந்தது. தெ.பொ.மீனாட்சிசுந்தரனார், ச.அகத்தியலிங்கம் போன்ற மொழியியல் அறிஞர்கள் வளர்த்த இடம். வடக்கே புதுச்சேரியில் அரசின் மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1969-இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மைசூரில். ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் இதை எம்.ஏ.வாகவே படிக்கலாம். 1958-இல் ஆங்கிலம் கற்பிப்பதற்கான மத்திய நிறுவனமாகத் தொடங்கிய இடம் அது.

வழி இதுதான். முதலில் கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம். வீட்டிலிருந்தே போய்வரலாம், கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரத்தைத் தாண்டாது. ஆறாம் வகுப்பிலிருந்து உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலேயே படித்திருப்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். அந்த மூன்று வருடத்தில் பைத்தான் என்ற கணினி மொழியையும் அவள் கற்றுக்கொள்ளட்டும். பெரியப்பா கேட்ட கம்ப்யூட்டர் இதிலேயே வந்துவிடும். அப்புறம் எம்.ஏ. மொழியியல், அதன்பின் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சிக்கும் தகுதி பார்க்கும் நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் ஆராய்ச்சி செய்ய மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023 முதல் அதுதான் தொகை.

வேலை? பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், மொழிபெயர்ப்புக் கருவிகள் எல்லாவற்றுக்கும் தமிழையும் ஆங்கிலத்தையும் உள்ளே பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். மத்திய அரசின் பாஷிணி திட்டமே இந்திய மொழிகளுக்காக 2022-இல் வந்ததுதான். பாடநூல், அகராதி, கல்லூரி ஆசிரியர் பணி என்று மற்றவையும் உண்டு. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. படித்து முடிக்க ஐந்து வருடம் ஆகும், முதல் சம்பளம் பெரியப்பா பையன் வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும், வெளியூர் போக வேண்டியும் வரலாம். இதையெல்லாம் அவளிடமும் சொல்லிவிட்டேன். "பரவாயில்லை சார்" என்றாள்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன் ஐயா. கணக்கில் மனம் ஒட்டாத பிள்ளை கணக்கே அடிப்படையான படிப்பில் அரியர் வைத்தால் வட்டி நிற்குமா? எம்.ஏ.வுக்கு ஹைதராபாத்தே போனாலும் வங்கியின் கல்விக்கடன் இருக்கிறது. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. பெரியப்பா உங்கள்மேல் பிரியத்தில்தான் சொல்கிறார், ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை. தயங்காமல் என்னிடம் அனுப்புங்கள், அவரிடமும் இதையே சொல்கிறேன்.

இந்த வாரம் பி.ஏ.வுக்கு இணையத்தில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். விருப்பப் பட்டியலில் ஆங்கிலம் முதலில் இருக்கட்டும், மற்றவற்றை எந்த வரிசையில் போடுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஒருநாள் ரயிலேறி அவளைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போங்கள். மொழியியல் துறையில் எம்.ஏ. சேர்க்கைக்கு என்ன தகுதி, விடுதிக்கு எவ்வளவு, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று மூன்றையும் நேரில் விசாரியுங்கள். நோட்டையும் அவள் கையோடு எடுத்துப்போகட்டும், 'மேட் டு கோ' கேள்வியை அங்கிருக்கும் பேராசிரியர்களிடம் கேட்கலாம்.