ஒரு நாவலில் வரும் ஒரே தாயைப் பார்த்துச் சிலர் கோபப்படுகிறார்கள், சிலர் அழுகிறார்கள். ஏன்?

டக்ளஸ் ஸ்டூவர்ட் எழுதி 2020-இல் புக்கர் பரிசு வாங்கிய ‘ஷகி பெயின்’ நாவலைச் சொல்லி, அதில் வரும் தாய் ஆக்னஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் ஐந்து தோழிகள் சேர்ந்து அதை வாசித்தோம். எங்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது.

1980-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் நடக்கும் கதை. டாக்ஸி ஓட்டும் கணவன், சுரங்கம் மூடி ஆண்களெல்லாம் வேலையில்லாமல் கிடக்கும் ஒரு குடியிருப்பில் குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். ஆக்னஸ் குடிக்கு அடிமை. அரசாங்கம் தரும் உதவிப் பணம் கைக்கு வந்ததுமே பீராகிவிடும். வீட்டில் சாப்பாடு இருக்காது.

எங்களில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அக்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “பெத்த பிள்ளை பட்டினி கிடக்கான், இவளுக்கு லிப்ஸ்டிக் கேக்குதா?” என்றார். எனக்கோ அந்த லிப்ஸ்டிக்தான் தொண்டையை அடைத்தது. முந்தின இரவு எவ்வளவு கேவலமாகப் போயிருந்தாலும் காலையில் எழுந்து தலை வாரி, நல்ல கோட் போட்டுக்கொண்டு, தெருவே தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று தெரிந்தும் நிமிர்ந்து நடக்கிறாள். அவளிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

இன்னொரு இடமும் உண்டு. ஏறக்குறைய ஒரு வருடம் குடியை விட்டு, பெட்ரோல் பங்கில் இரவு வேலை பார்த்து, வீட்டைத் தூக்கி நிறுத்துகிறாள். அப்போது அவளை விரும்பும் ஒருவன் சாப்பிட அழைத்துப் போய், ஒரு கிளாஸ் குடித்தால் என்ன ஆகிவிடும் என்று வற்புறுத்துகிறான். அவன் கெட்டவன்கூட இல்லை. அவள் மற்றவர்களைப் போல இருந்தால் போதும் என்று நினைக்கிறான், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆக்னஸை மட்டும் திட்டுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்களோ என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் கோபப்படுகிறவர்கள் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவளுடைய பிள்ளைகளையே பாருங்கள். மூத்தவள் கேத்தரின் கல்யாணம் செய்துகொண்டு தென்னாப்பிரிக்காவுக்கே போய்விடுகிறாள். நடுவில் உள்ள லீக் நன்றாகப் படம் வரைவான். ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தும் போகாமல் இருந்து, கடைசியில் அவனும் வெளியேற வேண்டியதாகிறது. கடைக்குட்டி ஷகி மட்டும் அவளை விடவே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேருக்கே மூன்று விதமான அம்மா. வாசகர்களும் அப்படித்தான், அவரவர் வாழ்க்கையில் எந்தப் பிள்ளையாக இருந்தார்களோ அந்த இடத்திலிருந்து வாசிக்கிறார்கள். ஸ்டூவர்டின் அம்மாவும் குடியால்தான் இறந்தார். அப்போது அவருக்கு வயது 16. அவர் ஷகியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எல்லோராலும் அங்கே உட்கார முடியாது.

எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அவளுடைய அப்பா குடிப்பவர். வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சின்ன வயதில் சொல்லிவிடுவாளாம். புத்தகத்தை என்னிடம் திருப்பித் தரும்போது, “கேத்தரின் தப்பிச்சுட்டாள்ல? எனக்கு அதுவரைக்கும் போதும்டி” என்றாள். மீதியை வாசிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.