நீண்ட காலமாகக் கணினி விளையாட்டுகள் ஆடிவரும் உங்களுக்கு எக்காலத்துக்கும் பிடித்தவை எவை?

முதலிடம் எதற்கு என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை: 1999ஆம் ஆண்டு வெளியான 'ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 2'. அதற்கடுத்த இடங்களில் 'திஸ் வோர் ஒவ் மைன்', 'மைன்ஸ்வீப்பர்', 'பிரின்ஸ் ஒவ் பேர்சியா', 'ஸ்டார்டியூ வேலி' ஆகிய நான்கும் அன்றைய மனநிலைக்கு ஏற்ப ஒன்றையொன்று முந்திக்கொள்ளும். 'கிரிக்கெட் 07' தனிக் கணக்கு. இவை ஒரு கிளிநொச்சிக்காரனின் தெரிவுகள் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். எந்த இடத்தில், எத்தகைய கணினியில், எவ்வளவு மின்சாரத்தில் ஒருவர் விளையாடத் தொடங்கினார் என்பது அவருடைய சுவையில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

தொண்ணூறுகளில் வன்னிக்குள் பொது மின்விநியோகம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையினால் மின்கலமும் மண்ணெண்ணெயும்கூட அரிய பொருள்களாகிவிட்டிருந்தன. வானொலிச் செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்த வீடுகள் பல. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, வன்னியூடாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியும் திறந்த பிறகுதான் பழைய பென்டியம் கணினிகள் லொறிகளில் ஏறி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தன. மின்பிறப்பாக்கி ஓடும் நேரத்தில் மட்டும் இயங்கிய ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில், பாடம் முடிந்த பின் கிடைத்த இடைவெளிகளில் நான் விளையாடக் கற்றுக்கொண்டேன். உலகம் பத்தாண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ட விளையாட்டுகள் எங்களுக்கு ஒரே இறுவட்டில் வந்தன. 1989இன் இளவரசனையும் 1999இன் பேரரசுகளையும் ஒரே மாலையில் பார்த்தவர்களுக்கு எது பழையது, எது புதியது என்ற பாகுபாடே எழவில்லை. இன்றுவரை ஒரு விளையாட்டின் படத்தரத்தை நான் கடைசியாகத்தான் கவனிக்கிறேன்.

'ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 2' அமெரிக்காவின் டலஸ் நகரப் பகுதியில் இயங்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி, மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட விளையாட்டு. பென்டியம் 166உம் 32 மெகாபைட் நினைவகமும் அதற்குப் போதுமானவை. எங்களிடம் இருந்ததும் ஏறத்தாழ அவ்வளவே. அதைப் போர் வியூக விளையாட்டு என்று வகைப்படுத்துவார்கள். என்னைக் கேட்டால், அது முதலில் ஒரு கமச்செய்கை, பிறகுதான் போர். ஒரு நகர மையம், மூன்று கிராமவாசிகள், குதிரையில் ஒரு சாரணன்: வழக்கமான ஆட்டம் இவ்வளவுடன்தான் தொடங்குகிறது. ஆடு மேய்த்து, பழம் பறித்து, காட்டுப்பன்றி வேட்டையாடி, மரம் தறித்து, அவை தீர்ந்துபோகும் முன் வயல் போட்டுவிட வேண்டும். ஒரு வயல், மேம்பாடு எதுவும் செய்யாத நிலையில், 175 அலகு உணவு தந்துவிட்டுத் தரிசாகும். மறுபடி விதைக்க 60 அலகு மரம் வேண்டும். மூலப் பதிப்பில் ஒவ்வொரு வயலையும் நாமே தேடிப் போய்ப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டின் 'த கொன்கரர்ஸ்' விரிவாக்கத்தில்தான் மறுவிதைப்புக்கு முன்கூட்டியே வரிசை போட்டு வைக்கும் வசதி வந்தது. அந்தச் சிறிய வசதியைக் கண்டு நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம்.

ஒரு கிராமவாசியை உருவாக்க 50 உணவும் 25 விநாடியும் ஆகும். இந்த விளையாட்டில் தேர்ந்தவரையும் தேராதவரையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த 25 விநாடிதான்: தேர்ந்தவருடைய நகர மையம் தொடக்கத்தில் ஒரு கணமும் சும்மா இருக்காது. படை முழுவதும் அழிந்த பின்னரும், கிராமவாசிகள் தப்பியிருந்தால் ஆட்டத்தை மீட்டுவிடலாம். கிராமவாசிகள் போய்விட்டால் கையில் இருக்கும் படை ஒரு கடைசி முயற்சிக்கு மட்டுமே உதவும். ஆகவேதான் எதிராளியின் குதிரைப்படை கோட்டைக்குப் போகாமல் முதலில் வயலுக்கும் விறகுக் காட்டுக்கும் வருகிறது. நாமும் நகர மணியை அடித்து எல்லோரையும் உள்ளே ஒதுக்குகிறோம். வாள் பிடிக்காதவனைச் சுற்றியே முழு விளையாட்டும் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் என்னை இத்தனை ஆண்டுகளாக அதில் பிடித்து வைத்திருக்கிறது. மற்ற வியூக விளையாட்டுகள் பலவற்றில் உழைப்பாளி ஒரு செலவுக் கணக்கு. இங்கே அவன் போய்விட்டால் அரசே போய்விடுகிறது.

தமிழர்களுக்கு இதில் தனியாக மகிழ ஒரு காரணமும் உண்டு. 2019இல் வந்த புதுப்பித்த பதிப்புக்கு, 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஒவ் இந்தியா' என்ற விரிவாக்கம் வெளியானது. அதுவரை 'இந்தியர்' என்று ஒரே பெட்டிக்குள் அடைபட்டிருந்தவர்களைப் பிரித்து, திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்று புதிய அணிகளைச் சேர்த்தார்கள். திராவிட அணியின் வீரர்கள் தமிழில் மறுமொழி சொல்கிறார்கள். அவர்களுக்கெனச் சுருள்வாள் சுழற்றும் காலாட்படையும், 'திரிசடை' என்ற பெருங்கப்பலும், முதலாம் இராசேந்திரனை மையமாகக் கொண்ட ஒரு கதைத்தொடரும் தரப்பட்டுள்ளன. அவன் படையெடுத்து வந்த தீவில் இருந்துகொண்டு அவனாகவே விளையாடுவது ஒரு வினோத அனுபவம். வெளியானபோது அந்த அணிக்கு நைட் எனப்படும் கவசக் குதிரைவீரர் வரிசையே கிடையாது என்று பலர் குறைப்பட்டார்கள். என் கவனம் வேறிடத்துக்குப் போனது: அவர்களுடைய மீனவரும் மீன்பிடிப் படகும் மற்றவர்களைவிட 15 அலகு கூடுதலாகச் சுமப்பார்கள். முல்லைத்தீவுக் கரையில் அதிகாலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்கள் இந்தச் சலுகை நியாயமானது என்று ஒப்புக்கொள்வார்கள்.

'திஸ் வோர் ஒவ் மைன்' 2014 நவம்பரில் போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் வெளியிட்டது. தொண்ணூறுகளின் சரயேவோ முற்றுகையை அடியொற்றி, பெயரளவில் கற்பனையான ஒரு நகரத்தில், இடிந்த வீடொன்றில் ஒதுங்கியிருக்கும் பொதுமக்களை நாம் நடத்துகிறோம். ஒருவர் முன்னாள் காற்பந்து வீரர், ஒருவர் தீயணைப்பாளர், ஒருவர் சமையற்காரர். படைவீரர் எவரும் அந்த வீட்டின் தொடக்கக் குழுவில் இல்லை. பகலில் அடுப்புக் கட்டுவது, மழைநீர் சேர்ப்பது, நோயாளியைப் படுக்கவைப்பது. இரவில் ஒருவர் மட்டும் பொருள் தேடிப் போவார்; பையில் இடம் குறைவு என்பதால் மருந்தா, விறகா, உணவா என்று ஒவ்வொரு முறையும் தெரிவுசெய்தாக வேண்டும். குளிர்காலத்தில் விறகு தீர்ந்தால் புத்தகத்தை எரிக்கலாம். ஒரு வயோதிபத் தம்பதியின் வீட்டுக்குள் புகுந்து அவர்களுடைய உணவையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு வரலாம், தடுக்க எவரும் இல்லை. ஆனால் திரும்பி வந்தவர் துயரத்தில் ஆழ்ந்துவிடுவார், வீட்டிலிருக்கும் மற்றவர்களும் அதைப் பற்றிப் பேசுவார்கள். வெற்றிப் புள்ளி என்று எதுவும் இல்லை. போர்நிறுத்தம் எந்த நாளில் வரும் என்பதும் தெரியாது. 2020இல் போலந்து அரசு இதைப் பாடசாலை மாணவருக்கான விருப்பத் தெரிவு வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. ஒரு விளையாட்டுக்கு அது அரிய மதிப்பு.

எனினும் வன்னியிலிருந்து பார்க்கும்போது அதில் ஒரு பெரிய இடைவெளி தெரிகிறது. அந்த வீடு நகர்வதில்லை. எங்கள் போர் இடம்பெயர்வாகவே இருந்தது: உழவு இயந்திரப் பெட்டியில் கூரை ஓட்டைக் கழற்றி ஏற்றி, அடுத்த ஊரில் தறப்பாள் கட்டி, முதல் வேலையாகப் பதுங்குகுழி வெட்டி, அது காய்வதற்குள் மறுபடி கிளம்புவது. கட்டிய அடுப்பைக் கைவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டே கட்டுவதன் மனநிலை அந்த விளையாட்டில் இல்லை. சரயேவோ முற்றுகையிடப்பட்ட நகரம் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வன்னியின் கதையை விளையாட்டாக்கும் துணிவு எவருக்காவது வருமானால், வீட்டை அல்ல, உழவு இயந்திரப் பெட்டியை மையமாக வைத்து அதை வடிவமைக்க வேண்டும் என்பது என் எண்ணம். வானொலி மட்டும் சரியாக அமைந்திருக்கிறது: இரைச்சலுக்கிடையே செய்தி தேடி அலைவரிசையைத் திருகும் அந்தக் காட்சிக்கு வன்னியில் விளக்கவுரை தேவைப்படாது.

'மைன்ஸ்வீப்பர்' என்றால் சிரிப்பவர்கள் உண்டு. வின்டோஸுடன் இலவசமாக வந்ததைப் பட்டியலில் சேர்ப்பதா என்பார்கள். 1992இல் வின்டோஸ் 3.1உடன் பரவிய இந்தச் சிறு புதிரில் உயர்நிலை என்பது 30க்கு 16 கட்டங்கள், அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் 99 வெடிகளில் படாமல் மற்றவற்றைத் திறக்க வேண்டும். ஓர் எண், தன்னைச் சூழ்ந்த எட்டுக் கட்டங்களில் எத்தனை வெடி உண்டு என்று மட்டும் சொல்லும். திறக்காத ஒரு வரிசையை ஒட்டி 1-2-1 என்று எண்கள் நின்றால் இரண்டு 1களுக்கும் நேரே வெடி இருக்கும். 1-2-2-1 என்றால் இரண்டு 2களுக்கு நேரே. இந்த ஒழுங்குகள் கைக்கு வந்த பிறகு விளையாட்டு ஓர் அமைதியான கணிதமாகிவிடுகிறது, மூலையில் பாதிக்குப் பாதி ஊகிக்கும் கட்டம் வரும் வரை. சிவப்புப் பலகையில் மண்டையோட்டுடன் மிதிவெடி எச்சரிக்கை நட்டிருந்த காணிகளைக் கடந்து பயிற்சி நிலையத்துக்குப் போய், அங்கே திரையில் வெடி தேடியதன் முரண் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பற்றிப் பகிடியும் விட்டோம். இத்தாலியில் இதே காரணத்துக்காக எதிர்ப்பு எழுந்து, பின்னர் வின்டோஸ் விஸ்டாவில் வெடிக்குப் பதிலாகப் பூக்கள் காட்டும் தெரிவு ஒன்றைச் சேர்த்தார்கள். நான் வெடியையே வைத்துக்கொள்வேன். அந்த விளையாட்டில் முதல் சொடுக்கு எப்போதும் பாதுகாப்பானது. வெடி அங்கே இருந்தாலும் நிரல் அதை வேறு கட்டத்துக்கு நகர்த்திவிடும். முகமாலையில் தகடு தேடும் கருவியோடு முழங்காலிட்டு அங்குலம் அங்குலமாக நிலம் மீட்ட எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்களில் ஒருவரான என் உறவுக்கார அக்கா இந்த விளையாட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "சம்பளம் தராமலே இந்த வேலையைச் செய்வீங்களோ?" என்று கேட்டார்.

'பிரின்ஸ் ஒவ் பேர்சியா'வைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, சட்டம் சட்டமாக வரைந்து உருவாக்கிய 1989ஆம் ஆண்டுப் படைப்பு. ஆட்டத்துக்குள் இளவரசியை மீட்க 60 நிமிடங்கள் மட்டுமே. மின்பிறப்பாக்கியின் எரிபொருளும் ஏறத்தாழ அதே மனப்போக்குடையது என்பதால் இரட்டைப் பதற்றத்தில் விளையாடினோம். அதன் உச்சம் நிழலுடனான சந்திப்பு. நான்காம் கட்டத்தில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாயும்போது நம்மிலிருந்து பிரிந்து ஓடும் நிழல், முடிவை நெருங்கும்போது வாளுடன் வழிமறிக்கும். அதை வெட்டினால் நம் உயிரே குறைகிறது. வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடந்தால்தான் இருவரும் ஒன்றாவார்கள். எந்த அறிவுறுத்தலும் திரையில் வராது. கண்டுபிடித்த நண்பன் பல நாள்கள் அதை எவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தான்.

'ஸ்டார்டியூ வேலி' எரிக் பரோன் என்பவர் நிரல், படம், இசை எல்லாவற்றையும் தனி ஆளாகச் செய்து 2016இல் வெளியிட்ட கமத்தொழில் விளையாட்டு. விளையாட்டுக்குள் நித்திரைக்குப் போகும்போதுதான் ஆட்டம் சேமிக்கப்படும் என்பதால், 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட நாள்களில், பகல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிய பயிரெல்லாம் ஊற்றாத பயிராகிவிடும் அபாயம் இருந்தது. அதில் நெல்லும் உண்டு. நீர்நிலைக்கு அருகே நட்டால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, விளைச்சலும் விரைவில் வரும். குளத்து நீரில் சிறுபோகம் செய்பவர்களுக்கு இந்த நுட்பம் பிடித்துப்போகும். ஆனால் எட்டு நாளில் அறுவடை! இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்யும் என் சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, விதைநெல் எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார்.

'கவுண்டர் ஸ்ட்ரைக்', 'வைஸ் சிற்றி', 'மோஸ்ட் வோன்டட்' ஆகியன ஏன் இல்லை என்று கேட்பீர்கள். மூன்றையும் நிறையவே விளையாடியிருக்கிறேன், 'மோஸ்ட் வோன்டட்' கார்ப் பந்தயத்தில் பறிகொடுத்த பி.எம்.டபிள்யூ எம்3 காரைக் கறுப்புப் பட்டியலின் 15 போட்டியாளரையும் தோற்கடித்து மீட்பது இன்றும் இனிக்கும். ஆனால் நண்பர்கள் கலைந்த பிறகு தனியாக அவற்றுக்குத் திரும்பிப் போகத் தோன்றியதில்லை. துப்பாக்கி விளையாட்டுகளை வீட்டில் காதொலிப்பான் இல்லாமல் போடுவதுமில்லை. அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

'கிரிக்கெட் 07' 2006 நவம்பரில் வந்தது, ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் அதன் பிறகு கிரிக்கெட் பக்கமே வரவில்லை. புறநிலையாகப் பார்த்தால் குறைகள் மலிந்த விளையாட்டு: களத்தடுப்பாளர்கள் சில வேளை பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், கணினி அணியின் ஓட்ட வேகத்தில் ஒரு நியாயமும் இராது. ஆயினும் ஒரே விசைப்பலகையின் இரு முனைகளில் இருவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடக்கூடிய கிரிக்கெட்டுக்கு அதைவிட நல்ல மாற்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆர்வலர்கள் இன்னமும் அதன் கோப்புகளைத் திருத்தி அணிகளையும் சீருடைகளையும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இலங்கை வீரர் பத்தும் நிசங்கவை அதில் தொடக்க ஆட்டக்காரராக இறக்கலாம், நூறும் அடிக்கலாம். வர்ணனை செய்யும் ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும் மட்டும் கடைசிவரை அவர் பெயரைச் சொல்லமாட்டார்கள்.