குமாஸ்தாவின் நாற்காலி

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் யாழ்ப்பாணம். இப்போது லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகளுக்குப் பதினெட்டு வயது. ஏ லெவலில் நல்ல புள்ளிகள். சட்டம் படிக்கப் பல்கலைக்கழக இடமும் கிடைத்திருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு சட்ட நிறுவனத்தில் ஆறு வருட சொலிசிட்டர் அப்ரென்டிஸ்ஷிப்பில், அதாவது வேலை செய்துகொண்டே சட்டத்தரணியாகும் பயிற்சியில், சேரப்போகிறேன் என்கிறாள். சம்பளம் உண்டு, வாரத்தில் ஒரு நாள் படிப்பு. நன்றாகப் படித்த பிள்ளை குமாஸ்தா வேலைக்குப் போவதுபோல் இருக்கிறது. பட்டமளிப்பு அங்கி போட்ட படம் இல்லாமல் ஒரு சட்டத்தரணியா? பல்கலைக்கழக வாழ்க்கையை இழந்துவிட்டோம் என்று பின்னாளில் வருந்தமாட்டாளா? தடுக்கவா, விடவா?

ச.

அன்புள்ள ச.,

எங்கள் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஜூனியர் வக்கீல்கள் படும் பாட்டைப் பற்றிச் சில நாட்களாகவே மனம் கசந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. கொஞ்சம் கடுமையாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்துக்குக் கவலை வேண்டாம். அந்த ஆறு ஆண்டுக்குள்ளேயே எல்.எல்.பி. என்ற சட்டப் பட்டத்தையும் வாங்கித்தரும் நிறுவனங்கள் பல உண்டு. சுவரில் ஆணியை இப்போதே அடித்துவையுங்கள். பல்கலைக்கழக வாழ்க்கையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பதினெட்டு வயதில், லண்டனில், சொந்தச் சம்பளத்தோடு நடமாடும் பெண்ணைப் பார்த்து இரக்கப்பட எனக்குத் தோன்றவில்லை. கணக்கும் உங்களுக்குத் தெரியும்: 2025 நிலவரப்படி பல்கலைக்கழக ஆண்டுக் கட்டணம் 9,535 பவுண்டு. கடன் வாங்கிப் படித்தால், 25,000 பவுண்டுக்கு மேல் வரும் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்பது வீதம், நாற்பது ஆண்டு வரை பிடிப்பார்கள். போகட்டும்.

ஆனால் குமாஸ்தா வேலை என்று எழுதினீர்களே, அதை என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

நான் சட்டம் முடித்துவிட்டுத் தென்மாவட்டத்து முனிசீப் கோர்ட் ஒன்றில் சில காலம் ஜூனியராக இருந்தேன். சீனியரின் குமாஸ்தா பள்ளியிறுதி தாண்டாதவர். ஒருநாள் கட்சிக்காரர் ஒருவர் புரோநோட்டு, அதாவது கடன் பத்திரம், ஒன்றைக் கொண்டுவந்தார். நான் வாங்கி அசல், வட்டி, ரெவின்யூ ஸ்டாம்ப், கையெழுத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தேதியைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கினேன். மூன்று ஆண்டு கடந்துவிட்டது, காலாவதி. குமாஸ்தா என் கையிலிருந்து தாளை வாங்கி, முன்பக்கத்தை ஏறிட்டும் பார்க்காமல் திருப்பினார். பின்பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் “வரவு ரூ. 200” என்று இருந்தது. கீழே தேதியும் கடன் வாங்கியவரின் கையெழுத்தும். கெடுவுக்குள் கட்டிய தொகை அது. கட்டிய நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். காலவரம்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. கல்லூரியில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான்.

அவர் அதோடு விடவில்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு கையெழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “மையே வேறாக இருக்கிறதே, வரவு எழுதியது யார் பேனா? பக்கத்தில் யார் இருந்தார்கள்?” என்று கட்சிக்காரரைக் கேட்டார். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பது வழக்குப் போடும் முன்பே அவர் காதில் விழுந்துவிட்டது. பிறகு ஊசியை எடுத்து வழக்குக்கட்டைத் தைக்கத் தொடங்கினார். எந்தப் பிராது எந்தக் குறைக்காக ரிட்டர்ன் ஆகும், எந்த வாய்தாவுக்கு எந்த சாட்சி வரமாட்டார், எல்லாம் அவருக்கு அத்துபடி. எங்கள் சீனியர் கோர்ட்டில் முழங்கியதில் பாதி அந்த நாற்காலியிலிருந்து எழுந்தது. அந்த நாற்காலியைத்தான், அம்மா, நீங்கள் இளக்காரமாகச் சொல்கிறீர்கள்.

நீங்கள் வாழும் நாட்டின் கதையும் வேறல்ல. 1729-ஆம் ஆண்டுச் சட்டம், அட்டர்னி (அந்தக் காலத்துச் சட்டத்தரணி) ஆக விரும்புபவர் வேறோர் அட்டர்னியிடம் ஐந்தாண்டு ஒப்பந்த எழுத்தராக இருக்கவேண்டும் என்றது. அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் ரோமானியச் சட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கிலாந்தின் சொந்தச் சட்டத்துக்கென்று முதல் பேராசிரியராக பிளாக்ஸ்டோன் வந்தது 1758-இல். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் அட்வகேட்டுகளும், பிரக்கிராசிகள் எனப்பட்ட இன்னொரு வகை வழக்கறிஞர்களும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் வரும்வரை யாழ்ப்பாணத்தின் உறுதிப் பத்திரங்களையும் காணி வழக்குகளையும் சுமந்த பிரக்கிராசிமார் எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனவர்கள்? இன்றும் கொழும்புச் சட்டக்கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம், பட்டம் கேட்பதில்லை. உங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் எனக்குக் கடிதமே எழுதியிருக்கமாட்டீர்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு நான் குருகுலத்துக்குப் பல்லாண்டு பாடப்போவதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். நான் ஜூனியராக இருந்த காலத்தில் கிடைத்தது தீபாவளிக்கு ஒரு வேட்டி, வாய்தா நாட்களில் மதியச் சாப்பாடு. “தொழில் கற்றுத்தருகிறோமே, அதற்கு நீதான் பணம் தரவேண்டும்” என்று சீனியர் சிரித்துக்கொண்டே சொல்வார். என்னோடு சேர்ந்தவர்களில் கூர்மையானவன் ஒரு கைத்தறி நெசவாளியின் மகன். வழக்குக்கட்டை ஒருமுறை புரட்டினால் போதும், எதிர்த்தரப்பின் ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவான். வீட்டு வாடகை கொடுக்க வழியில்லாமல் வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டான். நிலபுலன் உள்ள வீட்டுப் பையன்கள் தங்கினார்கள். இன்று ஊரில் பெரிய வக்கீல்கள் அவர்கள்தான். திறமை என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள்.

2024-இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் இதில் வாய் திறந்தது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 தரவேண்டும் என்றது. தந்தால் சந்தோஷம். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதைக் கல்வி என்று சொல்லும் துணிச்சல் எங்கள் தொழிலில் இருப்பதுபோல் வேறெங்கும் நான் கண்டதில்லை. உங்கள் மகளுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, படிக்க வாரத்தில் ஒரு நாள் எழுத்துபூர்வமாக இருக்கிறது. கடைசியில் அவளும் பட்டதாரிகளும் எழுதப்போவது சொலிசிட்டர் ஆவதற்கான ஒரே தகுதித் தேர்வு, எஸ்.கியூ.இ. முதல் கட்டத்தில் மட்டும் 360 கேள்விகள். பட்டம் இருக்கிறதா என்று பார்த்து அதில் மதிப்பெண் போடமாட்டார்கள். இதைப் போய்த் தடுக்கவா என்று கேட்கிறீர்கள்!

பட்டம் முடித்துவிட்டு இதில் சேரலாமே என்று சமாதானம் பேசவும் வேண்டாம். இங்கிலாந்தில் இந்த உயர்நிலைப் பயிற்சிக்கான அரசு நிதி, 2026 ஜனவரி முதல் பொதுவாக 22 வயது நிரம்பும் முன் சேர்கிறவர்களுக்குத்தான். பட்டம் முடிக்கும்போது அந்த வயது நெருங்கிவிடும்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்து, உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள். தேர்வில் தவறினால் மறுதேர்வுக் கட்டணம் யார் தலையில், இடையில் விலகினால் பணம் எதையும் திருப்பிக் கட்டவேண்டுமா, ஆறாம் ஆண்டு முடிவில் வேலை உறுதியா, எல்.எல்.பி. அதில் உண்டா. அவள் தடுமாறினால் விடாதீர்கள், குறுக்கே கேளுங்கள். உங்கள் கணவரும் முறைப்பாக இருந்தால் அவரையே எதிர்த்தரப்பாக உட்காரவையுங்கள்.